கோவைப்பழச் சிவப்பு

போன ஆயுத பூஜைக்கு நான் வேலை பார்த்த பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பொரி, சுண்டல், சந்தனம் எல்லாம் வாங்கிக்கொண்டு டூல் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் கரி உலை இருந்த இடத்தில் இப்போது பீரோ உயரத்துக்கு ஒரு மின்சார உலை நிற்கிறது. வேண்டிய சூட்டை எண்ணாக அழுத்தி வைத்தால் போதும், அது பாட்டுக்கு ஏறி நின்று மணி அடிக்கிறது. அதைக் காட்டிய இன்ஜினீயர் மரியாதையான பிள்ளை. "அந்தக் காலத்துல மீட்டரே இல்லாம கத்திக்கு எப்படி சார் தோய்ச்சல் போட்டீங்க?" என்று கேட்டார். "கண்ணால பாத்துத்தான்" என்றேன். "கண்ணு தப்புப் பண்ணாதா சார்?" என்றார்.

நல்ல கேள்வி. வாய் நிறையப் பொரி இருந்ததால் அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அதே கேள்விக்காக ஒரு மழைக்காலத்தில் நாங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டதுண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்குச் சொந்த ஊர் வன்னியம்பட்டி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு, பிறகு ஒரு நூற்பு மில்லில் அப்ரண்டிஸ், அங்கே கிரீஸும் வசவும். எண்பதுகளின் நடுவில் இராஜபாளையத்தில் பேண்டேஜ் செய்யும் இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். கல்யாணமானதும் குடித்தனம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாறியது. இதற்கு மேல் நீட்டினால் என் மனைவியே கொட்டாவி விடுவாள்.

பேண்டேஜ் துணியை முதலில் நீளத் தடியாகச் சுருட்டுவார்கள். பிறகு அந்தத் தடியை வாழைத்தண்டு நறுக்குவதுபோல் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். அதற்கு ஒரு கை மெஷின் உண்டு. கைப்பிடியைக் கீழே இழுத்தால் முழ நீளக் கத்தி மேலிருந்து இறங்கும். கடையில் விற்கும் கத்தி எதுவும் அந்த மெஷினுக்குப் பொருந்தாததால் நாங்களே செய்துகொண்டோம். பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான் இரும்பு. அதை அறுத்து, கிரைண்டரில் பிடித்து, அரம் போட்டு வடிவத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. என் கையிலிருந்து போகும்போது அது கத்தி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வாழைக்காயைக்கூட ஒழுங்காக வெட்டாது. காய்ச்சி எண்ணெயில் முக்கி, தோய்ச்சல் போட்டு அதை நிஜமான கத்தியாக்குவது அருளானந்தம் அண்ணன்.

அண்ணனும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். கம்பெனிக்கு வருமுன் அங்கே ஒரு அரிவாள் பட்டறையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும் என்று அவர் மனைவியே அலுத்துக்கொள்வார். உலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அந்த மனிதர் வாயே திறக்க மாட்டார்.

அவர் வேலை செய்வதை நான் வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன். கத்தியின் முதுகுப் பக்கம் முதலில் சூடேறும்படி கரியில் வைப்பார். மெல்லிய வாய்ப் பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் அதைக் கடைசியாகத்தான் நெருப்புக்குக் காட்டுவார். குறட்டால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பார். நிறத்துக்கு அவரிடம் மூன்றே பெயர்கள். முதலில் வருவது மிளகாய் வற்றல், அது போதாது. அடுத்து கோவைப்பழம், அதுதான் பதம். அதையும் தாண்டி மஞ்சளடித்தால் பூசணிப்பூ, இரும்பு கெட்டது. கோவைப்பழம் முனையிலிருந்து முனை வரைக்கும் ஒரே மாதிரி வந்ததும் எண்ணெய்த் தொட்டிக்குள் நேர் குத்தாக இறக்குவார். அப்போது கை கொஞ்சம் சாய்ந்தாலும் கத்தி வளைந்துவிடும்.

அதோடு முடியவில்லை. முக்கி எடுத்த கத்தி கெட்டியாக இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே அதன் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, காய்ந்த இரும்புப் பலகையின்மேல் வைப்பார். பளபளப்பின்மேல் மெல்ல வைக்கோல் நிறம் ஓடும், பிறகு கருப்பட்டி நிறம் வரும். கருப்பட்டி வாய்ப் பக்கத்தைத் தொட்டதும் எடுத்துவிடுவார். இந்த நிறம் நெருப்பின் சிவப்பு இல்லை. இரும்பின்மேல் ஆடைபோல் படிவது. இருட்டில் சரியாகத் தெரியாது. அதனால் இதற்கு மட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்.

எங்கள் ஃபோர்மேன் வெங்கடராஜா. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் இல்லாமல் மௌனம். வேட்டியில் ஒரு கரிப்பொட்டு ஒட்டி யாரும் பார்த்ததில்லை. எங்கே எது கெட்டாலும் "எவன் செஞ்சான்?" என்று அவர் கேட்க மாட்டார். "ஏமி மாரிந்தி?" என்பார். எது மாறியது என்று அர்த்தம். நேற்று வரைக்கும் ஓடியது இன்றைக்கு ஓடவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும், அதைத் தேடு, ஆளைத் தேடாதே என்பது அவர் கணக்கு. இந்தக் குணத்துக்காகவே நான் அவருக்கு அடிமை. எனக்கும் எதையும் நோண்டாமல் இருக்க முடியாது.

நான் சொல்ல வந்த அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, எந்தப் பிரிவு அழகாக ஜோடித்திருக்கிறதோ அதற்குப் பரிசு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கட்டிங் செக்‌ஷன் பெண்கள் காகிதத் தோரணம், மாக்கோலம் என்று இறங்கிவிட்டார்கள். அவர்களில் முத்துலட்சுமி என்ற பெண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம். "அருளண்ணே, ஒங்க உலை ரூமு பேய் பங்களா மாதிரில்லா கெடக்கு. சாமி உள்ள வந்தா தடுக்கி விழுந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வருஷக்கணக்கில் புகை படிந்த சுவரைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்தார். கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தார். இனிமேல் கருப்பட்டி நிறம் பார்க்க வாசலுக்கு ஓட வேண்டாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பரிசும் உலை ரூமுக்கே கிடைத்தது. முத்துலட்சுமியே வந்து வாசலில் கோலம் போட்டுக்கொடுத்தாள்.

பூஜை முடிந்து செய்த கத்திகளில் முதலில் ஒன்று பல்போனது. அடுத்தது மெஷினில் மாட்டும்போதே விரிசல் விட்டது. மூன்றாவது, முத்துலட்சுமி கைப்பிடியை இழுக்கும்போது நடுவில் உடைந்து பறந்தது. ஒரு துண்டு அவள் இடது கண்ணுக்குக் கீழே கன்னத்தைக் கிழித்துவிட்டது. அடுக்கி வைத்திருந்த புதுப் பேண்டேஜையே எடுத்து அமுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, தையல் போட்டதோடு போயிற்று. அருளானந்தம் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

ஃபோர்மேன் உடைந்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல தோய்ச்சல் விழுந்த கத்தி உடைந்தால் உடைந்த இடம் மாவுபோல் நைசாக இருக்கும். இது சீனியைக் கொட்டினதுபோல் மினுமினுத்தது.

"கூடக் காஞ்சிருக்கு" என்றார்.

"இல்ல சார். கோவைப்பழத்துலதான் எடுத்தேன். மாதாமேல சத்தியம்" என்றார் அண்ணன். அவர் புரொட்டஸ்டண்ட். மாதாவைக் கூப்பிட்டதிலிருந்தே மனுஷன் எவ்வளவு கலங்கியிருந்தார் என்று தெரிந்தது.

மேனேஜருக்கு ஃபோர்மேனின் பொறுமை கிடையாது. தீபாவளிக்குப் பிறகு கத்தியை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம், அருளானந்தத்தை விறகுக் கொட்டகைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். அதற்குள் காரணம் தெரிந்தால் பார்க்கலாம் என்று ஃபோர்மேன் கெஞ்சி வாங்கியதுதான் அவகாசம்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் சினிமா போஸ்டரைப் படித்துக்கொண்டே வந்தார். கதாநாயகன் பெயரை இல்லை. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், அதை.

"என்னண்ணே செய்யுதிய?"

"கண்ணு போயிருச்சோன்னு பாக்கேன் தம்பி. செவப்பு தெரியாமப் போறதுக்கு ஒரு சீக்கு உண்டாம்லா."

மறுநாள் நானே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லா நிறமும் தெரிகிறது, பார்வை கழுகுப் பார்வை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அதில் நிம்மதி வரவில்லை. "அப்ப கையா? கை கெட்டுப்போச்சா?" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

ஃபோர்மேன் எங்களை உட்காரவைத்துத் தன் கேள்வியைக் கேட்டார். "பூஜைக்கு முன்னாடி கத்தி நின்னுச்சு. பொறவு நிக்கல. ஏமி மாரிந்தி? யோசிச்சுச் சொல்லுங்கப்பா."

யோசித்தோம். புது லோடு கரி வந்திருந்தது. பழைய கரியைத் தேடிப்பிடித்துப் போட்டோம். கத்தி உடைந்தது. ஸ்பிரிங் பட்டை வேறு லாரியுடையதோ என்று, முன்பு நன்றாக வந்த பட்டையின் மிச்சத்தையே எடுத்துச் செய்தோம். அதுவும் உடைந்தது. எண்ணெயை மாற்றினோம். காற்று ஊதும் ப்ளோயர் மோட்டாருக்குப் புதுச்சுருள் கட்டியிருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டுக் கைத்துருத்தி வைத்துப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

சுவரை யாருமே சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். மூன்று பேரும் அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் எது மாறியது என்று தேடினோம். கரி, எண்ணெய், மோட்டார் எல்லாம் வேலை. வெள்ளையடித்தது சாமிக்கு. சாமிக்குச் செய்ததை ஒரு மாற்றமாக எங்களில் யாருக்கும் எண்ணத் தோன்றவில்லை. கட்டிங் செக்‌ஷன் பெண்களாவது விடைக்குப் பக்கத்தில் வந்தார்கள். "வெள்ளையடிச்சு அழகாயிருச்சுல்லா, கண்ணு பட்டுருச்சு" என்று சொல்லி வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

இதற்கிடையில் இரண்டு விஷயம் என்னை அரித்தது. ஒன்று, வானம் மூடாக்குப் போட்டு மழை பெய்த நாளில் செய்த ஒரு கத்தி உடையாமல் நின்றது. ஈரக்காற்று காரணமோ என்று ஃபோர்மேன் சந்தேகப்பட்டார். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை அண்ணனை அவருடைய பழைய பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள், பகலிலேயே ஆள் முகம் தெரியாத ஓட்டுக்கொட்டகை. அங்கே அதே பட்டையில் அதே கையால் செய்த கத்தி அருமையாக வந்தது. உடைத்துப் பார்த்தால் மாவு மாதிரி.

அண்ணனுக்கு இது இன்னும் மோசமாகப் போய்விட்டது. "இங்க வருது, அங்க கெடுது. அந்த எடத்துக்கே நான் ஆகாதவன் போல தம்பி. நானே விறகுக் கொட்டகைக்குப் போறேன்னு சொல்லிருதேன். அந்தப் பிள்ளைக்குக் கண்ணு போயிருந்தா என்ன செஞ்சிருப்பேன்?" என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தீபாவளி நெருங்கிவிட்டது. ஒருநாள் மத்தியானம் சரியான மழை. கண்ணாடி ஓட்டைச் சுற்றிப் பூச்சு சரியில்லாமல் உலைக்கு நேர் மேலே சொட்டியது. காய்ந்த கத்தியில் ஒரு சொட்டு விழுந்தாலும் விரிசல்தான். ஆகவே என் பெரிய கறுப்புக் குடையை உலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்த நேரத்தில் மழை விட்டு, பளீரென்று வெயில் அடித்தது. ஓடு மட்டும் சொட்டிக்கொண்டே இருந்ததால் குடையை மடக்கவில்லை. கை வலித்ததால் கொஞ்சம் தாழ்த்தினேன்.

"ஏலே, என்ன செஞ்ச?" என்றார் அண்ணன்.

"நான் என்னண்ணே செஞ்சேன்? கொடையத்தானே பிடிச்சிருக்கேன்."

"இப்பத்தானே மிளகா வத்தலா இருந்துச்சு. அதுக்குள்ள பழுத்து நிக்குது பாரு."

எட்டிப் பார்க்கக் குனிந்தேன். குடை நகர்ந்து, கண்ணாடி ஓட்டு வெயில் உலைமேல் விழுந்தது.

"அடச்சே! மறுபடியும் வத்தலாயிருச்சு" என்றார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் குடையை உலைக்கு நேரே கொண்டுபோனேன். கோவைப்பழம். விலக்கினேன். வற்றல். திரும்பக் கொண்டுபோனேன். கோவைப்பழம். சின்னப் பிள்ளைகள் விளையாடுவதுபோல் விளையாடிக்கொண்டிருந்தோம். அண்ணன் குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றியிருந்த சுவர்களை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். நான் குடையோடு ஃபோர்மேனைக் கூப்பிட ஓடினேன்.

வெளிச்சத்தில் நெருப்பின் சிவப்பு மங்கித் தெரியும். பட்டப்பகலில் எரியும் விளக்குக்கு மவுசு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்புச் சுவருக்குள் பழகிய கண் வெள்ளை ரூமிலும் அதே கோவைப்பழத்தைத் தேடியது. அது கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் இரும்பு பூசணிப்பூவைத் தாண்டியிருந்தது. மூடாக்கு நாளில் கத்தி நின்றதும், சந்துப் பட்டறையில் நன்றாக வந்ததும் இதனால்தான்.

ஃபோர்மேன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடை சொன்னதை நான் நம்புறேன். மேனேஜர் நம்பணுமே" என்றார். பஜாரில் ரேடியோ கடைக்குப் போய்ப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். இரும்பு ஒரு சூட்டைத் தாண்டினால் காந்தம் அதில் ஒட்டாது. கத்தி பதப்படும் சூடு அதற்குச் சற்று மேலேதான். மேனேஜரைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, முதலில் குடையில்லாமல் அண்ணனைக் காய்ச்சச் சொன்னார். அண்ணன் போதும் என்று வெளியே எடுத்த கத்தியில், ஆறி ஆறி வெகுநேரம் கழித்துத்தான் காந்தம் ஒட்டியது. அவ்வளவு அதிகச் சூடு. பிறகு குடைக்குக் கீழே. அண்ணன் எடுத்ததும் ஒட்டவில்லை. ஒரு மூச்சு விட்டோம், டக்கென்று ஒட்டிக்கொண்டது. இதைப் பல தடவை மாற்றி மாற்றிச் செய்தும் குடைக்குக் கீழே ஒரு தடவைகூட அவர் கண் தப்பவில்லை.

"அப்ப இவர் கண்ணுல கோளாறு இல்ல" என்றார் மேனேஜர்.

"இந்தக் கண்ணு மீட்டர் மாதிரி சார். நாமதான் மீட்டரத் தூக்கி வெயில்ல வச்சிட்டோம்" என்றார் ஃபோர்மேன்.

விறகுக் கொட்டகைப் பேச்சு அதோடு ஒழிந்தது. சுவரைத் திரும்பக் கறுப்பாக்கட்டுமா என்று அண்ணன் கேட்டார். ஃபோர்மேன் வேண்டாமென்றார். உலைக்கு மட்டும் தகரத்தில் கூடாரம் அடித்து உள்ளே கறுப்புப் பூசினோம். கருப்பட்டி நிறம் பார்க்கிற பலகையைக் கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே போட்டோம். ஒரே கத்தி, அதற்கு ஒரு நிறம் இருட்டில் தெரிய வேண்டும், இன்னொரு நிறம் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். இத்தனை வருஷம் அண்ணன் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியதைத் தினமும் பார்த்த எனக்கு இது புத்தியில் ஏறவில்லை.

மேனேஜரிடம் காந்தம் செல்லுபடியானது. கட்டிங் செக்‌ஷனில் செல்லுபடியாகவில்லை. விபத்துக்குப் பிறகு அங்கே எல்லாப் பெண்களும் கைப்பிடியை இழுக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கூடாரத்தில் முதல் கத்தி தயாரான அன்றைக்குத்தான் முத்துலட்சுமி லீவு முடிந்து வந்திருந்தாள். தையல் பிரித்த தழும்பு சிவப்பாக இருந்தது. அந்தக் கத்தியை அருளானந்தம் அண்ணன் தானே கொண்டுபோய் அவள் மெஷினில் மாட்டினார். ஸ்குரூவை நான் முறுக்கினேன். மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மாட்டி முடித்ததும் அண்ணன் விலகிப் போகவில்லை. மெஷினுக்கு முன்னால், கத்தி உடைந்து பறந்தால் அவர்மேல்தான் விழும் என்கிற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"வெட்டு தாயி. நான் இங்ஙனயே நிக்கேன்" என்றார்.

முத்துலட்சுமி கைப்பிடியில் கை வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, சன்னல மறைச்சிக்கிட்டு நிக்கியளே. எனக்குக் கத்தி தெரிய வேண்டாமா? தள்ளுங்க."

அண்ணன் நகர்ந்தார். சன்னல் வெளிச்சம் அவள் கன்னத்துத் தழும்பில் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பாமல், கத்தியையே பார்த்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தாள்.